பட்டி பார்த்த தோல்

விக்கி பாலுவுக்குத் தர வேண்டிய பாக்கி பதினாலாயிரத்து அறுநூறு ரூபாய். பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்து, ஜவுளிக் கிடங்குக்கு மேலே ஒரு மாடி, அங்கேதான் விக்கியின் டாட்டூ கடை. அந்தக் கடைச் சுவர்களுக்குப் பாலு கறுப்பும் சாம்பலும் அடித்துக் கொடுத்து ஆறு மாசம் ஆகிவிட்டது. கூட வேலை செய்த கரீமுல்லாவின் பங்கைப் பாலு தன் கையிலிருந்து கொடுத்துத் தீர்த்திருந்தான். பாக்கி கேட்கப் போகும்போதெல்லாம் விக்கி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினான். ஏழாவது டீயோடு ஒரு யோசனையும் வந்தது.

"சத்தியமா கைல இல்லணா. வாடகையே கடன் வாங்கிதான் கட்னேன். ஒண்ணு பண்ணலாமா? அந்தக் காசுக்கு உங்களுக்கு ஒரு டாட்டூ போட்டுடறேன்."

"நான் இன்னா காலேஜ் பையனா? போடா."

சிரித்துக்கொண்டே இறங்கியவன் பாதிப் படியில் நின்றான். மறுபடி மேலே ஏறினான்.

"பேரு எழுதுவியா?"

"எந்தப் பேரு வேணும்னாலும்."

"என் கையெழுத்துல வேணும். நான் எழுதித் தர்றத அப்படியே போடணும்."

"ஒரு சுழி மாறாதுணா."

மோனிஷா. அவன் மகள், ஒன்பது வயசு. போன ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், நாலாம் நாள் வெறுங்கையோடு திரும்பினார்கள். கொஞ்ச மாசத்தில் ரேஷன் கார்டிலிருந்தும் பேரை எடுத்துவிட்டார்கள். அரிசி வாங்கப் போன அவன் பெண்சாதி கெஜலட்சுமி அன்றைக்கு வீட்டுக்கு வந்து கார்டை அவன் முன்னால் போட்டாள். அதற்கப்புறம் அவள் அந்தப் பேரைச் சொன்னதே இல்லை. பாலுவுக்கு அதுவரைக்கும் எழுத்துத் தெரியாது. நம்பர் தெரியும், பஸ் நம்பர், டப்பா மேல் இருக்கிற ஷேட் நம்பர், கூலிக் கணக்கு. மகளுடைய ஒன்றாம் வகுப்பு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, நாற்பத்தாறு வயசில், நாலு மாசம் தடவித் தடவி அவள் பேரை எழுதக் கற்றான். மற்ற எழுத்தெல்லாம் அந்தப் பேரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. உலகத்தில் எங்கேயாவது ஓரிடத்தில் அந்தப் பேர் இருக்க வேண்டும், எவனும் வந்து எடுத்துவிட முடியாத இடத்தில். வேறு ஆசை எதுவும் அவனுக்கு மிச்சமில்லை.

விக்கி அவன் இடது கையை இழுத்து விளக்கடியில் வைத்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான். இருபத்தைந்து வருஷச் சுண்ணாம்பும் தின்னரும் தின்ற தோல்.

"இது கையா, ரோடாணா? இது மேல மை நிக்காது. பத்து நாள் டைம் தர்றேன், ரெடி பண்ணிகினு வாங்க. சரக்கு தொடாதீங்க, ரத்தம் கசிஞ்சி மைய வெளிய தள்ளிடும். தலைவலி மாத்திரையும் வேணாம். வெயில்ல போனா முழுக்கைச் சட்டை. தண்ணி நெறைய குடிங்க, காலைல சாயங்காலம் லோஷன் போடுங்க. முடிய நீங்களே செரைச்சி கிழிச்சி வெக்காதீங்க, அத நான் பாத்துக்கறேன். முக்கியமா செத்த தோல் போவணும். லேசா ஸ்க்ரப் பண்ணுங்க."

"அப்டின்னா?"

"சொரசொரப்பா ஒண்ண வெச்சி தேய்க்கறதுணா. மேல இருக்கறது உதிரும், அடியில கீறது வெளிய வரும்."

அது பாலுவுக்கு நன்றாகவே புரிந்தது. பழைய சுவரைத் தேய்க்காமல் எந்தப் பெயின்ட்டும் பிடிக்காது. தேய்க்கணும், பட்டி பார்த்துப் பள்ளம் விரிசலை அடைக்கணும், காயவிட்டு மறுபடி தேய்க்கணும். அவன் சோறு தின்கிறதே அந்த வேலையில்தான். வேறு ஒருத்தனாக இருந்தால் பீர்க்கங்காய் நாரைத் தேடியிருப்பான். பாலு வேலைப் பையிலிருந்து இருநூற்று இருபதாம் நம்பர் உப்புத்தாளை எடுத்தான்.

மயிலாப்பூரில், கால்வாய் ஓரத்து ஹவுசிங் போர்டில் இரண்டாவது மாடி அவன் வீடு. சாயங்காலம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்து, கையை நனைத்து, ஓரம் மழுங்கிப்போன பழைய தாளாகப் பார்த்து மடித்து, மேலிருந்து கீழாக அவசரமில்லாமல் தேய்த்தான். எரிச்சல் இருந்தது, ஆனால் பழகின எரிச்சல். வெளியே மாவு மிஷின் ஓடுகிற சத்தம், கால்வாயின் அழுகல் வாடை, மேல் வீட்டுக் குழாயில் தண்ணீர் இறங்குகிற களகள. கையிலிருந்து வழிந்த நீர் தரையில் இறங்கி ஓட்டையை நோக்கி ஓடியது. பாலு அதைப் பார்த்தான். அழுக்குத் தண்ணீர் கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்கணும். இது வெள்ளையாக இருந்தது. பால் மாதிரி, கெட்டியாக. விரலால் தொட்டு முகர்ந்தான். பழைய டிஸ்டெம்பர் வாடை. பல வருஷமாகப் பூட்டிக் கிடந்து இன்றைக்குத் திறந்த அறையின் வாடை.

வேலை செய்த தூசி, தோலின் துவாரத்துக்குள் ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

"உள்ள இன்னா பண்றே?" கெஜலட்சுமி கதவைத் தட்டினாள். "சுவத்தப் பிராண்டாத, கீழ் வீட்டுக்காரி சண்டைக்கு வருவா."

"கையத் தேய்க்கறேன்."

"கையா? ரெண்டு பேரு தேய்க்கறாப்ல கேக்குது."

பாலு கையை நிறுத்தினான். ஒரு சத்தமும் இல்லை. குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் பெசன்ட் நகரில் ஒரு காலி ஃபிளாட்டில் வேலை. கடற்காற்று சன்னல் வழியாக உப்பை அள்ளிக் கொண்டுவந்து கொட்ட, கரீமுல்லா பனியனோடு ஏணி மேல் நின்று சீலிங் தேய்த்துக்கொண்டிருந்தான். பாலு முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரைக்கும் பட்டன் போட்டு மூடியிருந்தான்.

"இன்னா மச்சி, கல்யாணப் பொண்ணு மாதிரி கைய மூடிகினுகீறே? மருதாணி வெச்சிகீறியா?"

"பேரு குத்தப் போறேன் பாய். பாப்பா பேரு."

கரீமுல்லா கிண்டலை நிறுத்தி இறங்கி வந்தான். மோனிஷாவுக்குக் குழி வெட்டும்போது கூட நின்றவன் அவன். "எங்காளுங்க இதெல்லாம் கூடாதுன்னுவாங்க. உனக்கின்னா, குத்திக்க. எங்க, காட்டு."

பாலு சட்டையைச் சுருட்டினான். கரீமுல்லா தொட்டான். தொட்ட வேகத்தில் விரலை எடுத்துத் தன் பனியனில் துடைத்துக்கொண்டான்.

"ஏன்டா, இவ்ளோ வெயில்ல உன் கை மட்டும் சில்லுனு கீது? நெழல் பக்கத்துச் சுவரு மாதிரி." குனிந்து பார்த்தான். "இதின்னா கோடு? ஆணியால கிழிச்சிகினியா?"

மணிக்கட்டுக்கு மேலே மூன்று நாலு மெல்லிய கோடுகள். ரத்தக் கோடு இல்லை. வெள்ளையாக, தோலுக்கு ஓர் இழை கீழே, யாரோ கூரான எதையோ வைத்து அழுத்திக் கீறினது போல. பாலு கையைத் தட்டிப் பார்த்தான், வலிக்கவில்லை. மங்கலாக, பொத்தென்று, பிளாஸ்டர் விட்டுப்போன சுவர் மாதிரி ஒரு சத்தம் வந்தது. இரண்டு பேருக்கும் அது கேட்டது. பன்னண்டு வருஷக் கூட்டாளிகள், உள்ளே பொக்கையாகிவிட்ட சுவர் தட்டினால் எப்படிச் சத்தம் போடும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அன்றைக்குச் சாயங்காலம் தேய்த்தபோது கோடுகள் தெளிந்தன. ஒரு வட்டம், அதிலிருந்து இறங்கும் வால். ஒன்பது. பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வட்டம். எட்டு.

பாலு பக்கெட் மேலிருந்து எழுந்துவிட்டான். அந்த எட்டை அவன் பார்த்திருக்கிறான். மேல் வட்டம் பெரிதாக, கீழ் வட்டம் பட்டாணி மாதிரி சின்னதாக, தலைகீழாக நிற்கிற எட்டு.

நாலு வருஷத்துக்கு முன்னால். அடையாறில், ஆற்றைப் பார்த்து ஒரு பழைய பெரிய வீடு. கரீமுல்லா தங்கச்சி கல்யாணத்துக்குப் போயிருந்ததால் தனியாக எடுத்த வேலை. ஐந்து நாள் முன்கட்டு முழுக்க அடித்தான். பின்கட்டில் ஓர் அறை பூட்டியே கிடந்தது. அதைத் தாண்டித்தான் தண்ணீர் பிடிக்கப் போகணும், போகும்போது வாயில் எந்தப் பாட்டு வருகிறதோ அதைப் பாடிக்கொண்டே போவான். ஆறாம் நாள் வீட்டுக்காரர் அந்த அறையைத் திறந்துவிட்டார். உள்ளே கட்டில்கூட இல்லை. தரை முழுக்க பினாயில். பினாயிலுக்கு அடியில் வேறொரு வாடை. இன்றைக்கே முடிக்கணும், மூவாயிரம் சேர்த்துத் தர்றேன் என்றார்.

முழங்கால் உயரத்தில் சுவரெல்லாம் கீறல். எழுத்து, நெருக்கி நெருக்கி. அது ஒன்றும் அவனுக்குத் தெரியாது. எழுத்துக்குக் கீழே பத்து நம்பர்.

"வேலைக்கு வந்த பொண்ணு கிறுக்கி வச்சிட்டு ஊருக்குப் போயிட்டா. நல்லா பட்டி பாத்துடுப்பா," என்றார் வாசலில் நின்றபடி. வேலை முடிகிற வரைக்கும் அந்த வாசலிலேயேதான் நின்றார்.

பாலு தேய்த்தான். தேய்க்கும்போது சுவருக்குள்ளிருந்தும் பிராண்டுகிற சத்தம் வந்தது. அவன் நிறுத்தினால் அதுவும் நின்றது. பெருச்சாளி என்றார் அவர். பெருச்சாளிதான் என்று பாலுவும் நினைத்தான். நினைக்க வேண்டுமென்று நினைத்தான். இரண்டு பூச்சுப் பட்டி, ஒரு பிரைமர், மேலே இளநீலம். மூவாயிரத்தில் மோனிஷாவுக்குப் பள்ளிக்கூடப் பை, ஷூ, முதல் மாசத்து ஃபீஸ்.

எழுத்துத் தெரியாது என்று யாரிடமும் சொல்லலாம், தன்னிடமும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நம்பர் தெரியுமே. பத்து நம்பர் வரிசையாக இருந்தால் அது என்னவென்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அதற்கப்புறம் பாலு உப்புத்தாளைத் தொடவில்லை. லோஷன் மட்டும் போட்டான். அதனால் ஒன்றும் நிற்கவில்லை. காலையில் எழுந்தால் சட்டைக்கையின் உள்பக்கம் வெள்ளைத் தூள் உதிர்ந்திருக்கும், கையில் இன்னொரு கோடு தெளிந்திருக்கும். ஏழாம் நாள் நம்பருக்கு மேலே எழுத்து வந்தது. இப்போது அவனுக்கு எழுத்துத் தெரியும். ஃபிளாட்டின் காலி அறையில், உச்சி வெயிலில், சன்னல் பக்கம் கையை நீட்டி, மகள் நோட்டில் கற்ற மாதிரியே ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தான்.

பெ யி ன் டு அ ண் ணா

நீ பாடறது கேக்குது

அம்மாவுக்கு போன் பண்ணு

அடுத்த அறையில் கரீமுல்லா ரோலரை உருட்டுகிற சத்தம் சளப் சளப் என்று வந்துகொண்டிருந்தது. பாலு சட்டைக்கையை இறக்கிப் பட்டனைப் போட்டான்.

ஒன்பதாம் நாள் மந்தைவெளி பஸ் டெப்போ வாசல். வேலை முடிந்து கூட்டம் பஸ்ஸுக்கு முட்டி மோதிக்கொண்டிருந்தது. மறுநாள் பகல் பதினொரு மணிக்கு விக்கி வரச் சொல்லியிருந்தான். கையில் ஒன்பது நம்பர் தெரிந்தது. பத்தாவது இருக்க வேண்டிய இடம் மழமழவென்று இருந்தது. அடையாறு வீட்டில் அன்றைக்கு முதலில் பட்டி போட்டது அந்த ஓரத்திலிருந்துதான். அது என்ன நம்பர் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரைக்கும் பத்துதானே. சுவரில் சாய்ந்து, கையைப் பார்த்துப் பார்த்துப் போனில் அழுத்தினான்.

பூஜ்யம் போட்டால் உபயோகத்தில் இல்லை. ஒன்று, எவனோ ஒருத்தன் லாரி லோடு எப்போ வருது என்று கத்தினான். இரண்டு, அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றில் ஓர் ஆள் "யாருப்பா நீ, ராங் நம்பர்" என்று வைத்தான். நாலு உபயோகத்தில் இல்லை. ஐந்து.

முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"தனமா?"

ஒரு பொம்பளையின் குரல். வெளியூர்க் குரல். பின்னால் ஆடு கத்துகிறது.

"தனம், நீதான கண்ணு? பேசு கண்ணு. திட்ட மாட்டேன். நாலு வருசமா அம்மா நம்பர மாத்தவே இல்ல, நீ பண்ணுவேன்னுட்டு. எங்க இருக்க? யாராச்சும் பக்கத்துல இருக்காங்களா? சும்மா ஒரு தும்மலாச்சும் போடு, நான் புரிஞ்சிக்கறேன்."

பாலு வாயைத் திறந்தான். அடையாறு, ஆற்றோரம், பின்கட்டு அறை, இளநீலச் சுவர். நாலு வார்த்தைதான். சொன்னால் என்ன வரும் என்பதும் கூடவே வந்து நின்றது. போலீஸ் வரும். நீதானே பட்டி பாத்தே, நம்பரப் பாத்தே இல்ல, மூவாயிரம் வாங்குன இல்ல என்று கேட்கும். கெஜலட்சுமி கேட்பாள். இந்தக் கையைப் பிடித்து எங்கேயாவது கொண்டு போவார்கள், படம் எடுப்பார்கள். நாளைக்குப் பதினொரு மணி என்பது இல்லாமல் போகும். மோனிஷா பேருக்கு இடம் இல்லாமல் போகும்.

நாளைக்கு என் பொண்ணு பேரு முடியட்டும். அப்புறம் சொல்லிக்கலாம். நாலு வருஷம் காத்திருந்தவங்களுக்கு இன்னும் ஒரு நாள்.

"கண்ணு? மூச்சு வுடறது கேக்குது..."

கட் பண்ணினான். உடனே மணி அடித்தது. அதே நம்பர். மறுபடி. மறுபடி. போனை அணைத்துப் பையின் அடியில், தூரிகைகளுக்குக் கீழே திணித்தான்.

வீட்டுக்குப் போனதும் குளியலறைக் கதவைச் சாத்தினான். வெள்ளை சிமெண்ட் பட்டியைத் தட்டில் கொட்டித் தண்ணீர் விட்டுக் குழைத்தான். பட்டி பிளேடால் அள்ளி முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு ஒரே இழுப்பு. கீறலுக்குள் பட்டி இறங்கியது. எழுத்து நிரம்பியது. பெயின்டு நிரம்பியது, அண்ணா நிரம்பியது. காயவிட்டான். இன்னொரு பூச்சு. காயக் காயக் கை இறுகியது, விரல் மடங்கவில்லை. உள்ளே எங்கேயோ, எலும்புக்குப் பக்கத்தில், மெல்ல, பிராண்டல். அவன் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தான். பிராண்டல் கூடிற்று. நிறுத்தினான். அது நிற்கவில்லை. இந்தத் தடவை நிற்கவில்லை.

வெளியே கெஜலட்சுமியின் காலடி கதவு வரைக்கும் வந்தது. ரொம்ப நேரம் அங்கேயே நின்றது.

"யோவ். உள்ள யாருயா உன்கூட?"

"யாருமில்ல."

"பொண் கொழந்த அழறாப்ல கீது."

அவன் குழாயைத் திறந்துவிட்டான்.

பகல் பதினொன்று. விக்கியின் கடையில் வட்ட விளக்கு வெள்ளை வெளேரென்று எரிந்தது. கையில் எங்கேயும் நிழல் விழாத வெளிச்சம். ஸ்பிரிட் வாடை. கீழே ஜவுளிக் கிடங்கில் மூட்டை இறக்குகிறவர்களின் கத்தல்.

"சாப்ட்டீங்களா? வெறும் வயித்துல ஒக்காந்தா மயக்கம் வரும்."

"சாப்ட்டேன்." சாப்பிடவில்லை. தண்ணீர்கூட இறங்கவில்லை.

விக்கி சட்டைக்கையைச் சுருட்டியதும் சீட்டியடித்தான். "சூப்பர்ணா! இன்னா பண்ணீங்க? பளிங்கு மாதிரி கீது. செரைக்கவே வேணாம், ஒரு முடி இல்ல." ஸ்பிரிட்டால் துடைத்தான். பஞ்சு வெள்ளையானது. இன்னொரு பஞ்சு. அதுவும். "லோஷன் கொஞ்சம் ஓவரு."

பாலு எழுதிக் கொடுத்த பேரை விக்கி ஊதாக் கார்பன் தாளில் நகலெடுத்திருந்தான். கையில் ஒட்டி, அழுத்தி, உரித்தான். மோனிஷா. கோணல் மாணலாக, தயங்கித் தயங்கி, ஓர் அப்பன் எழுதின எழுத்து. அது தன் கையில் இருப்பதைப் பார்த்ததும் பாலு ஒரு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தான். பத்து நாளில் முதல் தடவையாக அவன் உடம்பு கொஞ்சம் தளர்ந்தது.

ஊசி ர்ர்ர் என்று இறங்கியது.

"வலிக்குதாணா?"

"இல்ல."

"சும்மா சொல்லாதீங்க. மணிக்கட்டு பக்கம் எல்லாருமே கத்துவாங்க."

வலிக்கவில்லை. தன் கையில் ஊசி ஏறுவது தெரியவே இல்லை, பக்கத்து வீட்டுச் சுவரில் யாரோ துளை போடுகிற மாதிரி தூரத்தில் இருந்தது. மோ முடிந்தது. விக்கி துடைத்தான். ரத்தம் இல்லை. தாளில் வெள்ளைத் தூள். அவன் தாளைப் பார்த்தான், பாலுவைப் பார்த்தான், புதுத் தாள் எடுத்தான். சீக்கிரம் சீக்கிரமாகக் குத்தினான். னி.

பிராண்டல் ஊசிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஊசி எங்கே போகிறதோ அங்கே வந்தது. அடியில்.

ஷா.

"முடிஞ்சிச்சிணா." விக்கி மிஷினை அணைத்தான். அவன் நெற்றி வேர்த்திருந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

மிஷின் நின்றும் சத்தம் நிற்கவில்லை.

விக்கிக்குக் கேட்டதோ இல்லையோ. திரும்பி மேஜைக்குப் போனான். முதுகைக் காட்டிக்கொண்டு நோட்டைத் தேடினான். பேனாவைத் தேடினான். திரும்பிப் பார்க்கவில்லை.

பாலு பார்த்தான்.

பேருக்குக் கீழே ஒரு முடிக்கோடு. விரிசல். மணிக்கட்டிலிருந்து கிளம்பி ஷாவின் காலைத் தொட்டது. ஒரு சில்லு பெயர்ந்தது. கறுப்புத் தரையில் விழுந்தது. சில்லின் மேல் மை. ஷா.

அது இருந்த இடத்தில் தோல் இல்லை. சதை இல்லை. இருட்டு. பினாயில் வாடை.

இருட்டின் ஓரத்தில் ஒரு நகம்.

சின்ன நகம். பாதி உடைந்தது. உள்பக்கத்திலிருந்து ஓரத்தைப் பிராண்டியது. நின்றது. காதுகொடுப்பது போல நின்றது. மறுபடி பிராண்டியது. இன்னொரு சில்லு. னி. இன்னொரு நகம் வந்தது.

சொல்லிடு. இப்பவாவது. போன் பையில்தான் இருக்கு.

பாலுவின் வலது கை அசைந்தது. பைக்குப் போகவில்லை. தரையிலிருந்த சில்லைப் பொறுக்கியது. எச்சில் தொட்டது. பொக்கையின் மேல் வைத்து, கட்டைவிரலால், மேலிருந்து கீழாக, ஒரே சீராக, அழுத்தி மூடியது. இருபத்தைந்து வருஷம் பழகின கட்டைவிரல். மூடிக்கொண்டே இருந்தது.

"கணக்க அடிச்சிட்டேன்ணா." விக்கி சுவரைப் பார்த்தபடியே நோட்டைத் தூக்கிக் காட்டினான். "பதினாலாயிரத்து அறுநூறு. இனிமே நமக்குள்ள ஒண்ணும் பாக்கி இல்ல. நீங்க கெளம்புங்க."

பாலு எழுந்திருக்கவில்லை. கட்டைவிரலை எடுத்தால்தான் எழுந்திருக்க முடியும். அதன் அடியில், ஈரமாக, பொறுமையாக, இரண்டு நகங்கள் பிராண்டிக்கொண்டிருந்தன.